கிரேஸ்ஃபுல் லேபிளிங்கில் இருப்பது எந்த கிரேஸ்?

எம்.எஸ்சி. கணிதத்தில் கோட்டுருவியல் (கிராஃப் தியரி) படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கிரேஸ்ஃபுல் லேபிளிங் என்கிறோமே, அந்த கிரேஸுக்கும் இறையியல், கலை, மானிடவியல் துறைகளில் பேசப்படும் கிரேஸுக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா? இல்லை, சும்மா வைத்த பெயரா?”

பெயர் ஒரு கணிதக்காரரின் ரசனையில் பிறந்தது. ஆனால் அது எங்கே பொருந்துகிறது, எங்கே முட்டுகிறது என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. கலை பேசும் கிரேஸுக்கு, அதாவது நளினத்துக்கு, இது நெருங்கிய சொந்தம். இறையியல் பேசும் கிரேஸுக்கு, அதாவது அருளுக்கு, கிட்டத்தட்ட எதிர்க்கட்சி. முன்னதில் சிக்கனம்தான் எல்லாம். பின்னதில் தாராளம்தான் எல்லாம். என் கட்சி இதுதான். இனி விளக்கம்.

முதலில் கிரேஸ்ஃபுல் லேபிளிங் என்றால் என்ன என்று வரைந்து பார்த்துவிடுவோம். ஒரு தாளின் நடுவே ஒரு புள்ளி வையுங்கள். அதிலிருந்து மூன்று கிளைகள். ஒவ்வொரு கிளையிலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு புள்ளிகள். புள்ளிகளை முனைகள் என்றும், இணைக்கும் கோடுகளை விளிம்புகள் என்றும், மொத்தப் படத்தைக் கோட்டுரு என்றும் சொல்வார்கள். மொத்தம் 7 முனைகள், 6 விளிம்புகள். சுற்று எதுவும் இல்லாததால் இது ஒரு மரம். 0 முதல் 6 வரையுள்ள எண்களை முனைகளுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் ஒவ்வொரு விளிம்புக்கும் அதன் இரு முனை எண்களின் வித்தியாசம் தானாக வந்துவிடும். அந்த வித்தியாசங்கள் 1, 2, 3, 4, 5, 6 என ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை வர வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான்.

நடுப்புள்ளிக்கு 0. அதை ஒட்டிய மூன்றுக்கு 6, 5, 3. பிறகு 6-க்கு அப்பால் 2, 5-க்கு அப்பால் 4, 3-க்கு அப்பால் 1. கழித்துப் பாருங்கள். உள்ளே 6, 5, 3 வருகிறது. வெளியே 4, 1, 2 வருகிறது. எதுவும் விடுபடவில்லை, எதுவும் இரட்டிக்கவில்லை. இதே படத்தில் 6-ஐயும் 5-ஐயும் மட்டும் இடம் மாற்றிவிட்டால் 2 இரண்டு தடவை வரும், 3 இரண்டு தடவை வரும், 1-ஐயும் 4-ஐயும் காணோம். அவ்வளவு இறுக்கமான அமைப்பு.

பொதுவாகச் சொன்னால், 0-விலிருந்து விளிம்பு எண்ணிக்கை வரையுள்ள எண்களிலிருந்து முனைகளுக்கு வெவ்வேறு எண்கள் கொடுக்கிறோம். வித்தியாசங்கள் 1-லிருந்து விளிம்பு எண்ணிக்கை வரை ஆளுக்கொரு தடவை வந்தாக வேண்டும். மரத்தில் முனைகள் விளிம்புகளைவிட ஒன்று அதிகம். ஆகவே மரத்தில் கையிலிருக்கும் எண்கள் அத்தனையும் செலவாகிவிடும். மற்ற கோட்டுருக்களில் முனைக்கான எண்களில் சில மிஞ்சலாம். வித்தியாசத்தில் மட்டும் மிச்சம் கூடாது.

இதை முதலில் எழுதியவர் அலெக்சாண்டர் ரோசா. 1966 ஜூலையில் ரோமில் நடந்த கோட்டுருவியல் மாநாட்டில் படித்த கட்டுரை. 1967-இல் அச்சில் வந்தது. அவர் நான்கு வகை எண்ணிடல்களை வரையறுத்து ஆல்ஃபா, பீட்டா, சிக்மா, ரோ என்று கிரேக்க எழுத்துகளைப் பெயராகப் போட்டுவிட்டுப் போனார். நாம் மேலே செய்தது பீட்டா. அந்தப் பெயரிலேயே இருந்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டீர்கள். 1972-இல் சாலமன் கோலம் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் இதற்கு ‘கிரேஸ்ஃபுல்’ என்று பெயர் சூட்டினார். பாலியாமினோ என்ற கட்டப் புதிர்களை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர் இவர்தான். டெட்ரிஸ் ஆட்டத்துக்கு மூலமான பென்டாமினோக்கள் அந்த வம்சம். பெயர் வைப்பதில் ருசி உள்ள மனிதர். அதே ஆண்டு மார்ச்சில் மார்ட்டின் கார்ட்னர் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் தன் புதிர்ப் பத்தியில் இதை எழுதியபோது, கோட்டுருவுக்குச் சிக்கனமாக எண்ணிடுவது எப்படி என்பதாகத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். என் வாதத்துக்கு அந்த ஒரு தலைப்பே பாதி சாட்சி. பெயர் பிறந்த வருடத்திலேயே அதன் பொருளைச் சிக்கனம் என்றுதான் வாசித்திருக்கிறார்கள்.

அந்தச் சிக்கனம் எவ்வளவு கறாரானது என்பதை ஒரு சின்ன நிரூபணத்தில் பார்க்கலாம். வகுப்பில் இதைத் தேற்றமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கையால் போட்டுப் பார்த்தால்தான் ருசி தெரியும்.

ஐந்து முனைகள், ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் இணைந்த முழுக் கோட்டுரு. விளிம்புகள் 10. ஆக 0 முதல் 10 வரையுள்ள எண்களில் ஐந்தை எடுக்க வேண்டும். அவற்றுக்கிடையிலான பத்து வித்தியாசங்களும் 1 முதல் 10 வரை ஆளுக்கொன்றாக இருக்க வேண்டும். 10 என்ற வித்தியாசம் வர ஒரே வழி 0-வும் 10-ம் இருப்பது. 9 வர வேண்டுமானால் 1 இருக்க வேண்டும், அல்லது 9 இருக்க வேண்டும். எல்லா எண்ணையும் 10-லிருந்து கழித்துத் திருப்பிப் போட்டால் இரண்டும் ஒன்றே. ஆகவே 1 என்று வைத்துக்கொள்வோம். இப்போது 0, 1, 10 உள்ளே வந்துவிட்டன; 1 என்ற வித்தியாசமும் செலவாகிவிட்டது. அடுத்து 8 வேண்டும். அதற்கு 2-ஐச் சேர்த்தால் 1-க்கும் 2-க்கும் இடையே மறுபடி 1 வரும். 9-ஐச் சேர்த்தால் 9-க்கும் 10-க்கும் இடையே மறுபடி 1. மிச்சம் 8 என்ற எண்தான். இப்போது கையில் 0, 1, 8, 10. வந்துவிட்ட வித்தியாசங்கள் 10, 9, 8, 7, 2, 1. பாக்கி 3, 4, 5, 6. ஐந்தாவது எண் எதுவானாலும் 6-ஐக் கொண்டுவந்தாக வேண்டும். அதற்கு அந்த எண் 6, 7, 2, 4 இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். 6 என்றால் 8-லிருந்து 2 தள்ளி. 2 ஏற்கெனவே செலவு. 7 என்றால் 8-லிருந்து 1. 2 என்றால் 1-லிருந்து 1. கடைசியாக 4: அது 0-விலிருந்தும் 4, 8-லிருந்தும் 4. எல்லாக் கதவும் சாத்தியாயிற்று.

நான்கு முனைகள் வரை முடியும் (0, 1, 4, 6 என்று எடுத்துப் பாருங்கள்). ஐந்திலிருந்து மேலே எந்த முழுக் கோட்டுருவுக்கும் முடியாது. மேலே போட்ட அதே தர்க்கத்தை இன்னும் ஒரு படி நீட்டினால் பொது நிரூபணம் வந்துவிடும். சுற்றுகளுக்கு இன்னும் எளிய தடை இருக்கிறது. ஒரு சுற்றை ஒரு முழு வலம் வந்தால் ஏற்ற இறக்கங்களின் கூட்டுத்தொகை சுழியம். ஆகவே வித்தியாசங்களின் கூட்டுத்தொகை இரட்டைப்படையாகத்தான் இருக்கும். 5 முனைச் சுற்றுக்கு 1 முதல் 5 வரை கூட்டினால் 15. ஒற்றைப்படை. தீர்ந்தது. 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 3 வரும் சுற்றுகள் மட்டுமே தேறும் என்பது ரோசாவே காட்டியது.

இனி கலைப் பக்கம் போவோம். ஆங்கிலத் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1852-இல் உடல் அசைவின் நளினத்தைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஒரு நடனக்காரியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவருக்குத் தோன்றியது அது. கூட்டம் கைதட்டிய சாகச அசைவுகள் அவருக்கு ரசிக்கவில்லை; நடுநடுவே வந்த, உண்மையிலேயே நளினமான அசைவுகளெல்லாம் குறைந்த முயற்சியில் நடந்தவை என்று கவனித்தார். நளினம் என்பது சக்தியைச் சிக்கனமாகச் செலவிடுவதுதான் என்பது அவர் முடிவு. இந்த விளக்கத்தை அப்படியே எடுத்து நம் 7 முனை மரத்தின் மேல் வைக்கலாம். திரும்ப வரும் வித்தியாசம் ஒவ்வொன்றும் ஒரு வீண் அசைவு.

ஸ்பென்சருக்கு முன்னாலேயே, 1810-இல், ஜெர்மன் எழுத்தாளர் ஹைன்ரிஷ் ஃபான் கிளைஸ்ட் பொம்மலாட்டம் பற்றி ஒரு உரையாடல் எழுதியிருக்கிறார். அதில் ஒரு கரடி வருகிறது. வாள்வீச்சில் தேர்ந்த ஒருவன் அதன் மேல் கத்தி வீசுகிறான். நிஜக் குத்து ஒவ்வொன்றையும் கரடி பாதத்தை லேசாக அசைத்துத் தட்டிவிடுகிறது. பாசாங்குக் குத்துக்கு அசைவதே இல்லை. மனிதன் வியர்த்துப் போகிறான். கலைத் துறையில் கிரேஸ் பற்றி வந்த எழுத்துகளில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கரடிதான். தேவைக்கு ஒரு அசைவு, தேவையற்றதற்கு ஒன்றுமில்லை.

இத்தாலியில் 1528-இல் பால்தஸாரே காஸ்திலியோனே அரசவைக்காரர்களுக்கு எழுதிய நூல் வேறொரு கோணத்தைச் சேர்க்கிறது. எதைச் செய்தாலும் பாடுபட்ட சுவடு தெரியாமல் செய்ய வேண்டும், அதில்தான் கிரேஸ் இருக்கிறது என்கிறார். ‘ஸ்ப்ரெட்ஸதூரா’ என்று அதற்குப் பெயரும் வைத்தார். லேபிளிங்கில் இது அச்சாகப் பொருந்தும். எண் போட்டு முடித்த மரத்தைச் சரிபார்க்க ஐந்தாம் வகுப்புக் கழித்தல் போதும். அதைக் கண்டுபிடிக்க எத்தனை தாள் கிழிந்தது என்பது படத்தில் எங்கேயும் இருக்காது. கலைக்காரர்கள் எல்லாருமே சிக்கனக் கட்சி என்று நினைத்துவிட வேண்டாம். 1793-இல் எழுதிய ஜெர்மன் கவிஞர் ஷில்லருக்குக் கிரேஸ் என்பது கடமையும் விருப்பமும் சண்டையில்லாமல் ஒன்றாக நடக்கும் மனத்தின் வெளித்தோற்றம். அவரைக் கோட்டுருவுக்குள் இழுத்து வந்தால் இழுத்து வந்தது தெரியும்.

இறையியலுக்கு வந்தால் காற்று திசை மாறுகிறது. அங்கே கிரேஸ் என்றால் தகுதி பார்க்காமல் கிடைப்பது. மனிதன் தன் முயற்சியாலேயே நல்லவனாகிவிட முடியும் என்ற பெலேஜியஸைக் கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டின் எதிர்த்தார். 418-இல் கார்த்தேஜில் கூடிய திருச்சபை மன்றம் பெலேஜியஸ் தரப்பைக் கண்டித்தது. சம்பாதித்து வாங்கினால் அது கிரேஸே இல்லை, கூலி என்பதுதான் அகஸ்டின் வழி வாதத்தின் சாரம்.

இதே வழக்கு நம்மிடமும் நடந்திருக்கிறது. ஸ்ரீவைஷ்ணவத்தில் பூனைக்குட்டி, குரங்குக்குட்டி என்ற இரண்டு நியாயங்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போகும், குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம். இது பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றும் தென்கலையின் பக்கம். குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொண்டாக வேண்டும்; இது வேதாந்த தேசிகரைப் பின்பற்றும் வடகலையின் பக்கம். அருள் இறைவனுடையது என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகமில்லை. குட்டியின் கை எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதில்தான் விவாதம். சைவ சித்தாந்தம் இன்னும் நுணுக்கம். 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாச்சாரியார் அருளைப் பற்றியே 100 குறள் வெண்பாக்களில் ‘திருவருட்பயன்’ எழுதினார். அந்த மரபில் அருள் பதிவதற்கு முன்னால் இருவினையொப்பும் மலபரிபாகமும் வர வேண்டும். நல்வினை, தீவினை இரண்டும் ஒப்ப நிற்கும் நிலை ஒன்று. உயிரைப் பிடித்திருக்கும் அழுக்கான மலம் பழுத்துக் கழலத் தயாராகும் நிலை இன்னொன்று. கணக்குக்கு அப்பாற்பட்டது அருள் என்று சொல்லும் துறையிலும் வாசல் வரைக்கும் கணக்கு வருகிறது. லேபிளிங்குக்கு இறையியலில் ஒரு பக்கத்து வீடு தேடியே ஆக வேண்டும் என்றால் நான் இந்த இருவினையொப்பைத்தான் காட்டுவேன், அருளைக் காட்ட மாட்டேன்.

நம் பல்கலைக்கழகங்களில் ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் கோட்டை விட்டவருக்கு ‘கிரேஸ் மார்க்’ போடுகிறார்களே, அது அசல் இறையியல் கிரேஸ். அகஸ்டின் கையெழுத்துப் போட்டுவிடுவார். பெலேஜியஸ் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கச் சொல்வார். ஆனாலும் பாஸ் மார்க்குக்குப் பக்கத்தில் வந்தவருக்குத்தான் அது கிடைக்கிறது, ஆக அதிலும் குட்டி கொஞ்சம் பற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மானிடவியலில் இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர் ஜூலியன் பிட்-ரிவர்ஸ். 1992-இல் வெளியான கட்டுரையில், கைம்மாறு கருதாத கொடை, நன்றி, மன்னிப்பு எல்லாம் ஒரே குடும்பம் என்றும், மானிடவியல் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டது என்றும் எழுதினார். கொடை என்றால் திரும்பி வந்தாக வேண்டும் என்று 1925-இல் மார்செல் மோஸ் சொன்னதன் மறுபக்கம் இது. மொய் நோட்டில் ஏறியது திரும்பி வரும், ஏறாதது கிரேஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிட்-ரிவர்ஸ் ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறார். லேபிளிங்கோ முழுக்க முழுக்க நோட்டுப் போட்டு நடக்கிற காரியம்.

பொறியியலில் ‘கிரேஸ்ஃபுல் டிகிரேடேஷன்’ என்கிறார்கள். ஒரு பாகம் கெட்டால் மொத்தமும் படுத்துவிடாமல் கொஞ்சம் குறைந்த திறனில் ஓடுவது. இரட்டை என்ஜின் விமானம் ஒரு என்ஜினில் இறங்குகிறதே, அதுபோல. அதற்கு உபரி வேண்டும். ஆகவே சொல்லளவில் லேபிளிங்குக்கு மிக அருகில் தெரியும் இந்தப் பயன்பாடும் தாராளக் கட்சிதான். ஒரே ஒரு இடமாற்றத்தில் நான்கு வித்தியாசங்கள் கலைந்த நம் மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கனத்துக்கு நிஜ உலகில் வேலை இல்லையா என்றால், இருக்கிறது. 0, 1, 4, 6 என்று கோடு போட்ட நான்கு கோட்டு அளவுகோலால் 1 முதல் 6 வரை எல்லா நீளமும் அளக்கலாம், ஒவ்வொன்றையும் ஒரே ஒரு வழியில். எந்த நீளமும் இரண்டு தடவை வராத இப்படிப்பட்ட அளவுகோல்களுக்குக் கோலம் பெயரையே வைத்திருக்கிறார்கள். ரேடியோ தொலைநோக்கியில் இரண்டிரண்டு ஆன்டெனாக்களாகச் சேர்த்துத்தான் தகவல் எடுக்கிறார்கள். புணே அருகே கோடாத் கிராமத்திலுள்ள ஜிஎம்ஆர்டி தொலைநோக்கியில் 30 ஆன்டெனாக்கள், ஜோடிகள் 435. ஒரே இடைவெளியும் ஒரே திசையும் கொண்ட இரு ஜோடிகள் வானத்தைப் பற்றி ஒரே செய்தியைத்தான் சொல்லும். ஆகவே நேர்கோட்டில் நான்கு ஆன்டெனாக்களை நிறுத்தும் ஒருவருக்கு 0, 1, 4, 6 என்பது காசை மிச்சப்படுத்தும் விடை. 1977-இல் கேரி புளூமும் கோலமும் எழுதிய பயன்பாட்டுக் கட்டுரையில் ரேடியோ வானியல், ரேடார், எக்ஸ் கதிர்ப் படிகவியல் எல்லாம் வருகின்றன.

இப்போது உங்கள் பாடத்தின் இதயத்துக்கு வருவோம். எல்லா மரங்களுக்கும் கிரேஸ்ஃபுல் லேபிளிங் உண்டா? உண்டு என்பது ஊகம். அரை நூற்றாண்டு தாண்டியும் நிரூபணம் இல்லை. வினோதம் என்னவென்றால், கோட்டுருக்களை மொத்தமாக எடுத்தால் அநேகமாக எவையுமே தேறாது என்று பால் எர்டிஷ் காட்டியிருக்கிறார் (அச்சில் வெளியிடாத முடிவு). மரங்களோ இதுவரை பார்த்தவை எல்லாமே தேறுகின்றன. 35 முனைகள் வரையுள்ள எல்லா மரங்களையும் கணினியில் போட்டுப் பார்த்து 2010-இல் அறிவித்தார்கள். கம்பளிப்பூச்சி மரங்கள், அதாவது இலைகளை உதிர்த்தால் ஒற்றைப் பாதையாக மிஞ்சுபவை, ரோசாவின் காலத்திலேயே முடிந்த கதை. இலைகளை உதிர்த்தால் கம்பளிப்பூச்சியாக மிஞ்சுபவற்றுக்குச் சிங்கி இறால் என்று பெயர். அவை எல்லாம் தேறும் என்று 1979-இல் பெர்மோன் ஊகித்தது இன்னும் திறந்தே கிடக்கிறது. இதைத் தீர்க்கக் கிளம்புவதை ஒரு நோய் என்றே ரோசாவின் ஆசிரியர் அன்டோன் கோட்சிக் குறிப்பிட்டார். தமிழ்நாட்டுக் கணிதத் துறைகளில் அந்த நோயின் பரவலை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ரோசா இதில் இறங்கிய காரணம் வேறு. 1963-இல் ஸ்லோவாக்கியாவின் ஸ்மோலெனிட்சே கோட்டையில் நடந்த மாநாட்டில் கெர்ஹார்ட் ரிங்கல் ஒரு கேள்வி வைத்தார். நம் 7 முனை மரத்தையே எடுத்துக்கொள்வோம். அதற்கு 6 விளிம்புகள். 13 முனைகள் கொண்ட முழுக் கோட்டுருவுக்கு 78 விளிம்புகள், அதாவது 13 தடவை 6. அந்த 78-ஐயும் இந்த மரத்தின் 13 பிரதிகளாக, மிச்சம் மீதி இல்லாமல் பிரிக்க முடியுமா? எந்த மரத்துக்கும், இரண்டு மடங்கு விளிம்பு எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிய அளவிலான முழுக் கோட்டுருவில், இப்படிப் பிரிக்க முடியும் என்பது ரிங்கலின் ஊகம்.

கிரேஸ்ஃபுல் லேபிளிங் இருந்தால் விடை கையில் வந்துவிடும். 13 புள்ளிகளை வட்டமாக வைத்து 0 முதல் 12 வரை எண் போடுங்கள். வட்டத்தில் எந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே குறுக்குவழித் தூரம் 1 முதல் 6 வரைதான்; ஒவ்வொரு தூரத்திலும் 13 ஜோடிகள். நம் மரத்தை அதன் எண்களின்படி 0 முதல் 6 வரையுள்ள புள்ளிகளில் உட்கார வையுங்கள். ஒவ்வொரு தூரத்திலும் ஒரு விளிம்பு அதில் இருக்கிறது. இனி மரத்தை ஒவ்வொரு புள்ளியாகச் சுழற்றிக்கொண்டே போனால் 13 சுழற்சியில் 78 விளிம்புகளும் தலா ஒரு தடவை மூடப்பட்டுவிடும். திரும்ப வரும் வித்தியாசம் ஒன்றே ஒன்று இருந்திருந்தாலும் இது குலைந்திருக்கும்.

2020 ஜனவரியில் ரிச்சர்ட் மான்ட்கோமரி, அலெக்சி போக்ரோவ்ஸ்கி, பென்னி சுடகோவ் மூவரும், போதுமான அளவு பெரிய மரங்கள் எல்லாவற்றுக்கும் ரிங்கலின் ஊகம் உண்மை என்று நிரூபித்தார்கள். பீட்டர் கீவாஷும் கேத்தரின் ஸ்டேடனும் அதே ஆண்டில் தனியாக இன்னொரு நிரூபணம் கொடுத்தார்கள். முதல் மூவரின் வழியும் சுழற்றும் வழிதான். விளிம்புத் தூரங்கள் எல்லாம் வெவ்வேறாக இருக்கும்படி மரத்தை வட்டத்தில் ஒரு தடவை பொருத்திவிட்டால் போதும், மீதியைச் சுழற்சி பார்த்துக்கொள்ளும். ஆனால் அவர்கள் பொருத்தியது ரோசாவின் ரோ வகையில். அதில் மரத்தின் முனைகள் வட்டத்தின் எந்தப் புள்ளியிலும் உட்காரலாம்; 7 முனைக்கு 13 இடம். கிரேஸ்ஃபுல் என்றால் 7 முனைக்கு 7 இடம். விளிம்பில் சிக்கனம் இரண்டிலும் ஒன்றே, முனையில் மட்டும் ரோ வகை தாராளம் காட்டுகிறது. அந்தத் தாராளத்தில்தான் தற்செயலாக மரத்தைப் பரப்பி, கடைசியில் மிஞ்சுவதைத் தனியே ஒதுக்கிவைத்த இடத்தில் செரித்துக்கொள்ளும் நிரூபண உத்திக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. ரிங்கல் ஊகம் பெரிய மரங்களுக்கு விழுந்த பிறகும் கிரேஸ்ஃபுல் மர ஊகம் நின்றுகொண்டிருப்பதற்கு இதை ஒரு முக்கியக் காரணமாக நான் பார்க்கிறேன்.

இந்த உபரியின் வேலையை உள்ளங்கை அளவில் பார்க்க வேண்டுமா? ஐந்து முனை முழுக் கோட்டுரு தேறாது என்று மேலே பார்த்தோம். அதன் முனைகளுக்கு 0, 1, 4, 9, 11 என்று போடுங்கள். பத்து வித்தியாசங்களும் வெவ்வேறு. 1 முதல் 11 வரையில் 6 மட்டும் வரவில்லை. இப்போது 0 இருக்கும் முனையில் ஒரே ஒரு வால் ஒட்டி அதன் நுனிக்கு 6 என்று எண் கொடுங்கள். விளிம்புகள் 11, எண்கள் 11 வரை, வித்தியாசங்கள் 1 முதல் 11 வரை முழுசாக. தேறவே முடியாதது ஒரு வால் ஒட்டியதும் தேறிவிட்டது. எந்தக் கோட்டுருவையும் இப்படி ஒரு பெரிய கிரேஸ்ஃபுல் கோட்டுருவுக்குள் பொதிந்துவிடலாம் என்று பி.டி. ஆச்சார்யா 1982-இல் காட்டினார். 2008-இல் அவரும் எஸ்.பி. ராவும் எஸ். அருமுகமும் சேர்ந்து, எந்த மரத்தையும் ஒரு கிரேஸ்ஃபுல் மரத்துக்குள் பொதியலாம் என்றும் காட்டினார்கள். அதனால் ‘இந்த உறுப்பு உள்ளே இருந்தால் தேறாது’ என்று ஒரு தடைப்பட்டியல் போட்டு கிரேஸ்ஃபுல் கோட்டுருக்களை வரையறுக்கும் வழி அடைபட்டுப் போகிறது. தாராளக் கட்சிக்குக் கணிதத்துக்குள் கிடைத்த இன்னொரு நாற்காலி என்று இதைச் சொல்லலாம்.

பெயர் விஷயத்தில் ஒரு பக்கவிளைவையும் சொல்ல வேண்டும். கிரேஸ்ஃபுல் என்ற பெயர் பிடித்துப்போனதும் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் நல்ல குணங்களாகவே தேடிப் பெயர் வைக்க ஆரம்பித்தார்கள். 1980-இல் கிரஹாமும் ஸ்லோனும் ஹார்மோனியஸ், 1987-இல் இப்ராஹிம் ஜாஹித் கார்டியல். அப்புறம் எலிகன்ட், ஃபெலிசிடஸ் என்று போகிறது. திருநெல்வேலியிலிருந்து சோமசுந்தரமும் பொன்ராஜும் 2003-இல் மீன் லேபிளிங் கொண்டுவந்தார்கள். இது மட்டும் சராசரி என்ற பொருளில். ஜோசப் கேலியன் தொடர்ந்து புதுப்பித்துவரும் தொகுப்பில் 200-க்கும் மேற்பட்ட லேபிளிங் வகைகளும் 2,500-க்கும் மேற்பட்ட கட்டுரைகளும் இருக்கின்றன. அவற்றில் கணிசமானவை ஒரு கோட்டுருக் குடும்பத்தை எடுத்து, ஒரு சூத்திரம் போட்டு, முடித்துவிடுபவை. பிஎச்.டி. முடிக்க அது உதவும். ஊகத்தை ஓர் அங்குலம் நகர்த்தாது.

ஆகவே பல துறைகளை இணைத்துக் கட்டுரை எழுத நினைத்தால், எல்லா கிரேஸும் ஒன்று என்ற ரீதியில் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் தத்துவத் துறையும் சிரிக்கும், கணிதத் துறையும் சிரிக்கும். உபரியே இல்லாத அமைப்பு, உபரியிலேயே வாழும் அமைப்பு என்ற இரண்டு முனைகளையும் வைத்துக்கொண்டு, 2020 நிரூபணம் எந்த இடத்தில் முதலாவதை விட்டு இரண்டாவதைப் பிடித்தது என்று எழுதினால் அதில் சரக்கு இருக்கும்.

அதற்கு முன் ஒரு மாலை பென்சிலோடு உட்காருங்கள். 7 முனை மரங்கள் மொத்தம் 11. அவற்றில் கம்பளிப்பூச்சி அல்லாதது நாம் எண் போட்ட அந்த ஒன்றுதான். ரோசாவின் ஆல்ஃபா வகை எண்ணிடல் (பீட்டாவைவிடக் கறாரானது) கிடைக்காத மிகச் சிறிய மரமும் அதுவே. 8 முனைக்குப் போனால் 23 மரங்கள், கம்பளிப்பூச்சி அல்லாதவை மூன்று: நம் மரத்தின் நடுவில் ஓர் இலை சேர்த்தது, இடைமுனை ஒன்றில் ஓர் இலை சேர்த்தது, கிளை ஒன்றின் நுனியை ஒரு படி நீட்டியது. 0 முதல் 7 வரை எண்களை வைத்துக்கொண்டு மூன்றையும் போட்டுப் பாருங்கள். மூன்றும் தேறும்.